பாதி வழியில் அள்ளிய மண்

பேசாலைக் கோயிலில் பதினேழு வருஷம் சங்கிலித்தாமாக இருந்தவர் யாகப்பர். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, சுவாமியாரின் பூசை உடுப்பை மடித்து அலுமாரியில் வைப்பது, நற்கருணை நேரத்தில் கிராதியின் மேல் வெள்ளைத் துணி விரிப்பது எல்லாம் அவர் வேலை. பீடத்துக்கும் சனத்துக்கும் நடுவே இருக்கும் மரத்தடுப்புத்தான் கிராதி. சனம் அதன் முன்னால் வரிசையாக முழந்தாளிட்டு நாக்கை நீட்டி ஆண்டவரை வாங்கும். சங்கிலித்தாம் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்.

ஊர் முழுக்க வந்து போகும் அந்த வரிசைக்கு வராத ஒருத்தி இருந்தாள். பிரான்சிஸ்கா என்று பெயர். கருவாடு போட்டுப் பிழைக்கும் விதவை. ஞாயிறு முதல் மணிக்கே வந்து கடைசித் தூணுக்குப் பின்னால் வெறும் நிலத்தில் முழந்தாளிடுவாள். மற்றவர்கள் கிராதிக்கு எழும்பிப் போகும்போது அவள் தலையை இன்னும் குனிந்துகொள்வாள். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். யாகப்பர் துணியைப் பிடித்தபடி அந்தத் தூணைப் பார்ப்பார். பார்க்கக்கூடாது என்று எத்தனையோ தரம் நினைத்தும் கழுத்துக் கேட்கவில்லை.

அவள் ஏன் வருவதில்லை என்பது தனக்குத் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. ஊர் எப்போதும் அப்படித்தான் நினைக்கும். உண்மைக் காரணம் தெரிந்தவர் பேசாலையில் யாகப்பர் ஒருவர்தான்.

மன்னாருக்கு ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த அந்த வருஷம் அவருக்கு நாற்பத்தைந்து வயது. கண்டவர்கள் அறுபது சொன்னார்கள். மனைவி திரேசம்மாவுக்கு அதில் பெரிய மனக்குறை.

"கடலுக்குப் போறவனெல்லாம் கல்லுமாதிரி இருக்கிறான். மெழுகுதிரி கொளுத்திற உங்களுக்கு என்ன வந்தது? அதோட சேந்து நீங்களும் உருகிறியளோ?"

"களைப்பா இருக்கு" என்பார் யாகப்பர்.

"என்ன வேலை செய்து களைச்சுப்போனியள்?"

பதில் சொல்வதென்றால் பத்தொன்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

அது ஒரு வாந்திபேதி வருஷம். மடுமாதா திருநாளுக்கு ஒருவரும் போகக்கூடாது என்று அரசாங்க ஏசண்டுதுரையின் கந்தோரிலிருந்து கட்டளை வந்தது. திருநாள் தவறியது பேசாலைக்குத் துக்கம். அதைவிடப் பெரிய துக்கம், வீடுகளில் மடு மண் தீர்ந்துபோனது. மடுக் கோயில் வளவு மண்ணைக் கொண்டுவந்து வைத்தால் வீட்டுக்குப் பாம்பு அண்டாது, கடித்தாலும் அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக் கடிவாயில் பூசினால் விஷம் இறங்கும் என்பது இந்தக் கரை முழுக்க உள்ள விசுவாசம். காவோலை வேலிக்குள் விரியன் சுருண்டு கிடக்கும் ஊரில் அந்த மண் இல்லாத வீடு கதவில்லாத வீடு மாதிரி.

ஒரே ஒரு ஆளைக் களவாக அனுப்பி மண் எடுப்பிக்கலாம் என்று கோயில் மூப்பர் கூட்டம் வைத்தார். ஆர் போறது என்று கேட்டதும் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். இருபத்தாறு வயது யாகப்பர் எழும்பி, "நான் போறன்" என்றார். வயது ஒரு காரணம். திரேசம்மாவின் தகப்பன் அந்தக் கூட்டத்தில் இருந்தது இன்னொரு காரணம். பெண் கேட்கப் போகிறவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்?

தோணியில் பெருநிலக் கரைக்குக் கடந்து, எருக்கலம்பிட்டி முஹைதீனின் மாட்டு வண்டியில் ஏறினார். முஹைதீன் முருங்கனுக்குக் கருவாடு ஏற்றிப்போய் நெல் கொண்டுவரும் வண்டிக்காரர். முருங்கன் வரைக்கும் வீரம் குறையவில்லை. அங்கே போய்ப் பார்த்தால் மூன்று வீட்டில் பேதி. மடுக் காட்டுக்குள் தனியன் யானை ஒன்று ஆளை அடித்துப் போட்டதாகக் கதை. காலில் செருப்பு வெட்டிய புண் வேறு சீழ் வைத்துவிட்டது. யாகப்பர் ஒரு பாலை மரத்தின் கீழ் மூன்று நாள் படுத்துக் கிடந்தார். போகவும் மனமில்லை, வெறுங்கையோடு திரும்ப முகமில்லை. நாலாம் நாள் காலை, முருங்கன் தாண்டி இரண்டாம் மைல் கட்டையடியில், வண்டிப் பாதை ஓரத்து மண்ணை அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டினார். மண்ணைப் பார்த்து இது எந்த ஊர் என்று ஆர் சொல்லப் போகிறார்கள்?

முருங்கனுக்கு அப்பால் உள்ள ஊர்களில் நெல் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்த முஹைதீன் சாக்கைப் பார்த்தார். பாதையோரத்துக் குழியைப் பார்த்தார்.

"இதுதானா உங்கட மடு?"

"ஆரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ, நானா."

முஹைதீன் மாட்டைத் தட்டினார்.

பேசாலையில் மணி அடித்து வரவேற்றார்கள். காலைக் கழுவிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு கை என்று மண்ணைப் பங்கிட்டார்கள். திரேசம்மாவின் தகப்பன் அந்த மாதமே சம்பந்தம் பேச ஆள் அனுப்பினார். அடுத்த ஆடிக்கு நானே மடுவுக்குப் போய் நல்ல மண் கொண்டுவந்து ஒருவருக்கும் தெரியாமல் கலந்துவிடுவேன் என்று யாகப்பர் தன் மனதைச் சமாதானம் பண்ணிக்கொண்டார். ஆனால் பங்குனி மாதம் ஆடிக்கு முன்னால் வந்துவிடுகிறதே.

அந்தப் பங்குனியில் ஒருநாள் மத்தியானம், பிரான்சிஸ்காவின் ஐந்து வயது மகள் அன்னப்பிள்ளை வேலியோரம் சுள்ளி பொறுக்கும்போது விரியன் காலில் கடித்தது. தலைமன்னார்ப் பக்கம் கைராசியான விஷவைத்தியர் ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியும் பூட்டிவிட்டான். பிரான்சிஸ்கா விடவில்லை.

"மடு மண் வீட்டில இருக்கேக்க வைத்தியனட்டப் போனா, மாதாவில எனக்கு நம்பிக்கை இல்லை எண்டுதானே அருத்தம்? நான் போகமாட்டன்."

மண்ணைக் கரைத்துக் கொடுத்தாள். கடிவாயில் அப்பினாள். மண்ணைக் கொண்டுவந்த கையே வந்து செபம் சொல்லட்டும் என்று யாகப்பருக்கு ஆள் அனுப்பினாள். அவர் ஓடி வந்தார். பிள்ளைக்கு அப்போது நல்ல நினைவு இருந்தது. தண்ணி தண்ணி என்று கேட்டது. இது மடு மண் இல்லை, பிள்ளையைத் தூக்கி வண்டியில் போடுங்கோ என்று சொன்னால் போதும். யாகப்பர் வாயைத் திறந்தார். முற்றம் நிறையச் சனம். மாமனார் முன்னால் நிற்கிறார். எல்லாருடைய கண்ணும் இவர் மேலே.

"செபம் சொல்லுவம்" என்றார்.

பனை நிழல் கிணற்றடிக்கு வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மடு மண் பிழைக்காது, தாயின்ர விசுவாசத்திலதான் ஏதோ குறை என்று பேசினார்கள். அதை வந்து அவளிடம் சொல்வதற்கும் நல்ல மனது படைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். பிரான்சிஸ்கா தன் குற்றத்தைத் தேடினாள். தேடுகிறவளுக்குக் கிடைக்காமலா போகும்? பிள்ளை பிறந்தால் மடுவுக்குக் கொண்டுவந்து முடி இறக்குவேன் என்று நேர்ந்திருந்தாள்; இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். அதுதான், அந்த நேர்த்தியை ஏமாற்றினதற்குத்தான் மாதா தன்னைத் தள்ளிவிட்டாள் என்று முடிவு கட்டினாள். மறு வருஷம் புருஷனும் கடலோடு போனான். அதற்கு மேல் ஆர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. மூன்று சுவாமிமார் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள்.

"தாய் தள்ளினவளை மகன் எப்பிடிச் சுவாமி எடுப்பார்?" என்று கேட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள்.

யாகப்பரை ஊர் கைவிடவில்லை. பேதிக்கும் யானைக்கும் பயப்படாத மனுசன் என்று கோயில் வேலையைக் கொடுத்தது. அவர் மடுவுக்கு ஒருதரமும் போகவில்லை. வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் பண்ணினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அவருக்கு அங்கே கைவந்தது. "பொய் சொன்னனான் சுவாமி, ஏழெட்டுத் தரம்" என்பார். அந்த ஏழெட்டுக்குள்ளே அந்த ஒன்றும் இருக்கிறது என்பது அவர் கணிப்பு. சுவாமியார் மூன்று பரலோக மந்திரம் அபராதம் கொடுப்பார். எழும்பி வரும்போது முன்னிலும் பாரமாக இருக்கும். ஒரு நாள் நடைக்குப் பயந்து திரும்பியவர் பத்தொன்பது வருஷம் களைத்தார்.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் பின்னேரம். போன வருஷக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுப்பது சங்கிலித்தாமின் வேலை. யாகப்பர் கோயில் பின்வளவில் சட்டியில் ஓலையை எரித்துக்கொண்டிருக்கும்போது பிரான்சிஸ்கா வந்து நின்றாள். சீலைத் தலைப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை அவிழ்த்தாள்.

"யாகப்பண்ணை, ஒரு உதவி செய்யவேணும்."

"சொல்லு தங்கச்சி."

"நீங்கள் அண்டைக்குக் கொண்டுவந்து தந்த மடு மண்ணில ஒரு சொட்டு மிச்சம் வச்சிருக்கிறன். இவ்வளவு காலமும் பெட்டகத்தில கிடந்தது. நாளையான் சாம்பலோட இதையும் கலந்துவிடுங்கோ. சுவாமியார் என்ர நெத்தியில வைக்கேக்க இதுவும் சேரட்டும். எனக்கு நெஞ்சு வலி வரவர மோசம், அண்ணை. சாகிறதுக்கு முன்னம் மாதாட்ட ஒருக்கா மன்னிப்புக் கேக்கவேணும்."

பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாகப்பர் அதைப் பிரித்துப் பார்த்தார். முருங்கன் இரண்டாம் கட்டை மண். சாம்பல் சட்டிக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். இத்தனை வருஷமும் தன் பாவத்தைத் தான் சுமப்பதாக நினைத்திருந்தார். சுமந்தது அவளல்லவா!

மண்ணை அவர் சாம்பலில் கலக்கவில்லை, மடியில் முடிந்துகொண்டார். மறுநாள் எல்லார் நெற்றியிலும் சாம்பல் வைத்து முடிந்ததும் நேரே போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டார். சுவாமியார் பிராஞ்சுக்காரர். புத்தகத்தில் படித்த தமிழை இலக்கணம் பிசகாமல் பேசுவார்.

"பொய் சொன்னனான் சுவாமி."

"எத்தனை முறை?"

"ஒருக்கா" என்றார் யாகப்பர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சாக்கிலிருந்து தொடங்கி, பிள்ளை தண்ணீர் கேட்டது வரைக்கும்.

சுவாமியார் துளைபோட்ட அழிப் பலகைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அவளிடமிருந்து எடுத்ததை நீர் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு முன் நான் உமக்குப் பாவமன்னிப்புத் தர இயலாது."

"நான் அவவிட்ட என்னத்தை எடுத்தனான் சுவாமி? பிள்ளையை எங்கால திருப்பிக் குடுப்பன்?"

"பிள்ளையை உம்மால் கொடுக்க முடியாது. அவளுடைய குற்றமற்ற மனதை எடுத்தீர். அதைக் கொடுக்கலாம்."

"நீங்கள் சொல்லிவிடுங்கோவன் சுவாமி. நீங்கள் சொன்னா நம்புவா."

"என் வாய் பூட்டப்பட்டிருக்கிறது, யாகப்பரே. வெளியே உம்மைக் கண்டால் உம்மிடம்கூட இதைப் பேசமாட்டேன். நீர்தான் போகவேண்டும்."

போவதென்ன, இருநூறு பாகம் தூரம் இல்லை. அந்தத் தூரத்தை நடக்க அவருக்கு நாலு கிழமை போதவில்லை. வெளிக்கிடுவார், அவள் வீட்டு வேலி தெரிந்ததும் கடற்கரைப் பக்கம் திரும்பிவிடுவார். அதுவும் பாதி வழிதான். இந்த மனிதருக்குப் பாதி வழி ஒரு சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. பாவமன்னிப்பு இல்லாமல் நற்கருணை வாங்க ஏலாது. ஆகவே துணியைப் பிடித்தபடி நின்றார், வாங்கவில்லை. ஊரில் கிராதிக்குப் போகாதவர்கள் இரண்டு பேரானார்கள்.

"என்ன செய்துபோட்டு வந்து நிக்கிறியள்?" என்று திரேசம்மா பாத்திரத்தை நிலத்தில் வைத்த வேகத்தில் கஞ்சி சிந்தியது. "சனம் என்னட்ட வந்து கேக்குது. ஆரும் பொம்பிளையோ?"

"அப்பிடி எண்டா லேசு" என்றார் யாகப்பர்.

நாலாம் கிழமை மெழுகுதிரி வாங்க மன்னார்க் கடைத்தெருவுக்குப் போனபோது முஹைதீனைக் கண்டார். தாடி வெளுத்துவிட்டது. ரயில்பாதை வேலைக்குக் கல் ஏற்றுகிற வண்டியை அவிழ்த்துவிட்டு நிழலில் இருந்தார். யாகப்பர் பக்கத்தில் குந்தினார்.

"நானா, அண்டைக்கு நடந்ததை நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?"

முஹைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு காலத்துக்குப் பொறகு இத கேக்க வந்தீங்களா? ஒருத்தருக்கும் சொல்லல்ல. அந்தப் புள்ள மவுத்தான செய்தி கேட்டு மூணு நாள் வண்டி பூட்டல்ல நான். சொல்லியிருக்கோணும். எனக்கென்ன எண்டு இருந்துட்டன். உங்களோட சேத்து என்னையும் கேப்பான் அல்லாஹ்."

"நான் ஆண்டவரட்டத் தினமும் மன்னிப்புக் கேக்கிறன்."

"அவனுக்குச் செஞ்ச குத்தத்த அவன் மன்னிப்பான். அடியானுக்குச் செஞ்சத அந்த அடியான்ட வாயாலதான் வாங்கோணும். எங்கட மார்க்கத்தில அப்பிடி. உங்கட வேதத்தில எப்பிடியோ."

"அப்பிடித்தான்" என்றார் யாகப்பர். மெழுகுதிரியை மறந்து எழும்பினார்.

பேசாலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வீட்டுக்குப் போகவில்லை. போனால் பிறகு வெளிக்கிட மாட்டார் என்று அவருக்கே தெரியும். பிரான்சிஸ்கா முற்றத்தில் மீனைக் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். யாகப்பர் அவள் முன்னால் மணலில் முழந்தாளிட்டார். அவள் பதறி எழும்பினாள்.

"ஐயோ, என்ன அண்ணை இது? எழும்புங்கோ, ஆரும் பாத்தா!"

மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இது மடு மண் இல்லை, தங்கச்சி. நான் மடுவுக்குப் போகேல்லை. முருங்கனில பயந்துபோய் நிண்டு, வண்டிப் பாதை மண்ணை அள்ளிக்கொண்டு வந்தனான்."

அவள் கையில் கத்தி அப்படியே இருந்தது.

"அப்ப... என்ர பிள்ளையின்ர காலில நான் பூசினது?"

"வண்டிப் பாதை மண்."

"குடிக்கக் குடுத்தது?"

"அதுதான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். உப்புக் கையைச் சீலையில் துடைத்தாள். எங்கோ பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப மாதா என்னைத் தள்ளேல்லை."

"இல்லை, தங்கச்சி. அந்த மண்ணுக்கும் மாதாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"நீ ஒண்டும் செய்யேல்லை."

அவள் முகம் அந்தக் கணத்தில் இருபது வயது குறைந்தது. அதைக் கண்டதும் யாகப்பருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்து முடித்ததும் அந்த முகம் போய்விட்டது.

"நீங்கள் அண்டைக்கு வந்தனீங்கள். அந்த வாசலில நிண்டனீங்கள். என்ர பிள்ளைக்கு அப்ப உயிர் இருந்தது. வண்டி பூட்டி நிண்டது."

யாகப்பர் தலையைத் தூக்கவில்லை.

"தண்ணி கேட்டவள். கேட்டதோ உங்களுக்கு?"

"கேட்டது."

"செபம் சொல்லுவம் எண்டியள்."

"ஓம்."

"போங்கோ" என்றாள் பிரான்சிஸ்கா. "இப்ப என்ர வாயில வாறது உங்களுக்கும் கூடாது, எனக்கும் கூடாது. எழும்பிப் போங்கோ."

சுவாமியார் யாகப்பருக்குப் பாவமன்னிப்புக் கொடுத்தார். மடுவுக்கு முழு வழியும் நடந்து போய் வரவேண்டும் என்பது அபராதம். திரேசம்மாவிடம் அவர் தானே சொன்னார். அவள் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு, "அவளட்டத் தினமும் போங்கோ. அடிச்சாலும் நிண்டு வாங்குங்கோ" என்றாள். கோயில் மூப்பருக்கும் சொன்னார். ஊருக்குத் தெரிந்தது. சங்கிலித்தாமை மாற்றவேணும் என்று ஒரு கூட்டம் கத்தியது. ஆண்டவர் உயிர்த்த திருநாளான பாஸ்கு நெருங்கிவிட்டபடியால் வேறு ஆளைப் பழக்க நேரமில்லை என்று சுவாமியார் தள்ளிப்போட்டார்.

யாகப்பர் தினமும் பின்னேரம் பிரான்சிஸ்காவின் வேலியடிக்குப் போய் நின்றார். "மன்னிச்சுக்கொள்ளு, தங்கச்சி" என்பார். "இண்டைக்கு ஏலாது" என்பாள். திரும்பி வருவார். சில நாள் அவள் அதுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

பாஸ்குத் திருநாள் வந்தது. வெள்ளைத் துணியை வெளுத்து விரித்தார் யாகப்பர். இன்றைக்காவது வருவாள் என்று நம்பினார். அவள் தூணுக்குப் பின்னாலேயே இருந்தாள். அன்று பின்னேரம் வேலியடிக்குப் போனபோது அவளே பேசினாள்.

"சுவாமியாரட்டப் போனனான். யாகப்பரை மன்னித்தாயா எண்டு கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. இல்லை எண்டன். அப்ப நற்கருணை வாங்கேலாது எண்டார். பாத்தியளே அண்ணை, முந்தி உங்கட பொய்யால போகேலாமல் இருந்தது. இப்ப உங்கட உண்மையால போகேலாமல் இருக்கு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். தன் களைப்பை இன்னொருத்தி குரலில் அவர் கேட்டது அதுதான் முதல் தரம்.

அன்றிலிருந்து அவர் செபம் மாறியது. இத்தனை வருஷமும் உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னவர் அவர். அது வாயில் மட்டும் ஓடும், வேறெங்கும் இறங்காது. இப்போது பூசை முடிந்து கோயில் காலியானதும், விரிப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே கிராதியடியில் முழந்தாளிட்டார். மந்திரம் வரவில்லை. வலைக்காரன் பேச்சுத்தான் வந்தது.

"ஆண்டவரே, கிழிஞ்ச வலை எண்டாப் பொத்தலாம். என்ர வலையில நூலே இத்துப்போச்சு. பொத்தப் பொத்தப் பக்கத்தில கிழியுது. பழசைத் திருத்தித் தாரும் எண்டு இனிக் கேக்கேல்லை. புது நூல் தாரும். பயப்படாத நெஞ்சு ஒண்டு தாரும். எனக்குத் தராட்டிலும் பரவாயில்லை, அவவைக் கிராதிக்குக் கூட்டிவாரும். அவ வந்தாக் காணும். நான் எப்பவும் போல ஓரத்தில நிக்கிறன்."

பாவமன்னிப்புக் கிடைத்தும் அவர் நற்கருணை வாங்கப் போகவில்லை. அவள் தூணுக்குப் பின்னால் இருக்கும்போது நாக்கை நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. சுவாமியாருக்கு அதில் கோபம். வருஷத்துக்கு ஒருதரமாவது நற்கருணை வாங்கவேண்டிய பாஸ்குக் கடமைக்குத் திரித்துவ ஞாயிறு கடைசி நாள் என்று பிரசங்கத்தில் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் தூணையும் சங்கிலித்தாமையும் மாறி மாறிப் பார்த்தார்.

எட்டுக் கிழமை இப்படியே போனது. வேலியடி, ஏலாது, திரும்புதல். மன்னிப்பு என்பது மனது வைத்தால் ஒரு கணத்தில் கொடுக்கிற பொருள் என்று பிரசங்கத்தில் சொல்லலாம். பிள்ளையைப் புதைத்தவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அவளும் முயன்றுகொண்டுதான் இருந்தாள். கனமான வள்ளத்தைத் தனியாளாய்க் கரையேற்றுகிற மாதிரி. ஒருநாள் அவர் போகும்போது வேலியடியில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருந்தாள். ஆருக்கு என்று சொல்லவில்லை. அவர் குடிக்கவும் துணியவில்லை. மறுநாள், "வைச்ச தண்ணியைக் குடியுங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. குடித்தார். அன்றைக்கும் மன்னிப்பு ஏலாதுதான்.

திரித்துவ ஞாயிறு. யாகப்பர் துணியை விரித்தார். சனம் வந்தது, வாங்கியது, போனது. வரிசை முடிந்தது. சுவாமியார் திரும்பப் போகும் நேரம். துணியை எடுக்க யாகப்பர் குனிந்தபோது, நிலத்தில் வெறுங்கால் நடந்து வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. பிரான்சிஸ்கா கிராதிக்கு வந்து, அவர் நிற்கும் ஓரத்திலேயே முழந்தாளிட்டாள். பதினெட்டு வருஷம் பழகாத காரியம். கையைத் துணிக்குக் கீழே வைப்பதா மேலே வைப்பதா என்று தடுமாறினாள். கோயிலில் ஒரு சின்னப் பிள்ளைகூட அசையவில்லை. அவள் யாகப்பரை ஒருதரம் பார்த்தாள். பக்கத்து இடத்தைப் பார்த்தாள். அவர் துணி நுனியை விட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். சுவாமியார் இருவருக்கும் கொடுத்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அவள் மணிக்கோபுரத்தின் கீழ் காத்து நின்றாள். யாகப்பர் போய்த் தலைகுனிந்து நின்றார். மன்னிச்சன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் அதைச் சொல்லவில்லை.

"மடுவுக்கு எப்ப போறியள்?"

"ஆடித் திருநாளுக்கு. நடந்துதான் போகவேணும், அபராதம்."

"நானும் வாறன். என்ர நேர்த்தி கிடக்கு. பிள்ளைக்கு இறக்கவேண்டிய முடியை நான் இறக்கவேணும்."

"உனக்கு நெஞ்சு வலி, தங்கச்சி. அவ்வளவு தூரம் எப்பிடி நடப்பாய்? கொஞ்சம் பொறுத்தா ரயில் வந்திடும்."

பிரான்சிஸ்கா முக்காட்டைச் சரிசெய்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. சிரிப்பென்று அடித்துச் சொல்ல ஏலாது.

"இருந்திருந்து மெல்ல நடப்பன். நான் கூட வந்தாத்தானே அண்ணை, இந்தமுறை நீங்கள் முருங்கனோட திரும்பமாட்டியள்."